28 வயதுக் கட்டிடமா, கட்டிக்கொண்டிருக்கும் கட்டிடமா: நங்கநல்லூரில் ஒரு குடும்பம் வீடு வாங்கிய விவரம்

வீடு வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் கட்டிடத்தைப் பார்த்து அறிக்கை தருவது என் தொழில். 2024 தொடக்கத்தில் வந்த ஒரு குடும்பத்தின் விவரம் இது. அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். பணக்கணக்கு அப்படியே இருக்கிறது.

## பின்னணி

கணவர் கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், மனைவி பள்ளி ஆசிரியை. ஒரு மகள், கூடவே கணவரின் அம்மா. ஆதம்பாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகையில் இருந்தார்கள். கையில் சேமிப்பும் ஊரில் விற்ற நிலத்தின் பங்குமாக 32 லட்சம். மீதிக்கு வங்கிக் கடன். எல்லாம் சேர்த்து 80 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைத்திருந்தார்கள்.

ஆறு மாதம் சுற்றி இரண்டு இடங்களில் வந்து நின்றிருந்தார்கள். ஒன்று, மேடவாக்கம் தாண்டிப் பெரும்பாக்கம் போகும் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடி அடுக்ககத்தில் 1,050 சதுர அடி ஃபிளாட். இன்னொன்று, நங்கநல்லூரில் 1996-ல் கட்டிய, ஆறே வீடுகள் கொண்ட கட்டிடத்தின் முதல் மாடியில் 870 சதுர அடி ஃபிளாட். கணவருக்குப் புதியதில் மனம். அம்மாவுக்கு முழங்கால் வலி, லிஃப்ட் வேண்டும் என்பது அவர் காரணம். ஆனால் அந்த அம்மாவோ, ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும், படியெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மருமகள் யார் பக்கமும் சாயாமல் ஒரு நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்த நோட்டுதான் கடைசியில் உதவியது.

## புதிய தளத்தில் பார்த்தது

போனது ஜனவரி கடைசி. மிக்ஜாம் புயல் மழை 2023 டிசம்பர் 4-ஆம் தேதி போட்டுத் தாக்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பகுதியில் வீடு பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பக்கத்து மனையின் சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் இறங்கிப் போகிற பக்கம் அது. இந்த பில்டர் வாகனம் நிறுத்தும் தளத்தைச் சாலையிலிருந்து மூன்று அடி உயர்த்தியிருந்தார். ஆகவே கட்டிடத்துக்குள் தண்ணீர் வராது. சாலைக்கு வரும். இரண்டு மூன்று நாள் வெளியே போக முடியாது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுமானத்தைக் குறை சொல்ல முடியாது. நான்காம் தளத்துத் தூண்களுக்குச் சாக்கு சுற்றி நீராற்றிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்த பதிவேட்டைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார் சைட் இன்ஜினீயர். கான்கிரீட் போட்டு 28 நாள் முடிந்த எல்லாத் தளத்துக்கும் வலிமை எழுதியிருந்தது. பதிவேடே இல்லாத தளங்களையும் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் காகிதத்தில் இருந்தது. விற்பனை அலுவலகத்தில் 2025 டிசம்பரில் சாவி என்றார்கள். கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் அதே திட்டத்தின் பதிவை எடுத்துப் பார்த்தால் முடிக்கும் தேதி 2026 செப்டம்பர். ஒப்பந்த வரைவிலும் அதே செப்டம்பர்தான். ஒப்பந்தத் தேதி தாண்டினால்தான் சட்டப்படி தாமதம். அப்போதுதான் வட்டி கேட்கலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். விற்பனைப் பையன் வாயில் சொன்ன டிசம்பருக்கு மதிப்பு எதுவும் இல்லை. ஒன்பது மாத வித்தியாசம் என்பது ஒன்பது மாத வாடகை, அதோடு கடனுக்கு மாதாமாதம் கட்டும் வட்டி.

இன்னொன்று, விலையில் 20 சதவீதம் கட்டிய பிறகே ஒப்பந்தத்தைப் பதிவு செய்வோம் என்றார்கள். 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 13-ஆவது பிரிவு, ஒப்பந்தம் பதிவாகும்வரை 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வழக்கறிஞர் எழுதிக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் 10-க்கு இறங்கினார்கள். கேட்காதவர்களிடம் 20 வாங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்தத் தெருவுக்கு வாரியக் குடிநீர்க் குழாய் இன்னும் வரவில்லை. போர் தண்ணீர் உப்பு. லாரித் தண்ணீர்தான், செலவு மாதப் பராமரிப்பில் ஏறும். புதியதற்கு இருக்கும் பெரிய பலத்தையும் சொல்லிவிட வேண்டும்: கட்டமைப்பில் குறை வந்தால் ஒப்படைத்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குப் பில்டர் தன் செலவில் சரிசெய்தாக வேண்டும். பழைய ஃபிளாட்டில் பத்திரம் முடிந்த மறுநாள் குழாய் வெடித்தாலும் அது வாங்கியவர் பாடு.

## பழைய கட்டிடத்தில் பார்த்தது

நங்கநல்லூர்க் கட்டிடம் ஒன்றரை கிரவுண்டில், அதாவது 3,600 சதுர அடியில், தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். வெளியே நின்று பார்த்தாலே சன்ஷேடுகளின் அடிப்பக்கம் உரிந்து, கம்பி துருவேறித் தெரிந்தது. வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்தே திரும்பிப் போயிருக்கிறார்கள். விலை போகாமல் எட்டு மாதம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

சன்ஷேடு உதிர்வதை மட்டும் வைத்துக் கட்டிடமே போச்சு என்று சொல்லக் கூடாது. உரிமையாளர் அனுமதியோடு இரண்டு இடத்தில் சிறிதாகக் கொத்தினோம்: ஒரு சன்ஷேடு, மாடிப்படி ஓரத் தூண். உடைத்த முகத்தில் பினால்ப்தலின் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை குறையாத கான்கிரீட் ரோஜா நிறமாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போய்க் காரத்தை இழந்த பகுதி நிறம் மாறாது. அந்தப் பகுதிக்குள் வந்துவிட்ட கம்பிக்குத் துருப் பிடிக்காமல் காத்துக்கொள்ளும் வழி இல்லை. சன்ஷேட்டில் கம்பி வெறும் 12 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது, அதுவரை ஒரு துளி நிறமும் இல்லை. தூணில் மேலிருந்து 18 மில்லிமீட்டர் வெளிறிக் கிடந்தது, அதற்கு உள்ளே பளிச்சென்று ரோஜா. கம்பி 40 மில்லிமீட்டர் உள்ளே, துருவில்லாமல். வீட்டுக்காரரையும் வாங்குகிறவரையும் பக்கத்தில் நிறுத்தி அந்த நிறத்தைக் காட்டினேன். பத்துப் பக்க அறிக்கையைவிட அது வேலை செய்யும். தூண்களும் உத்திரங்களும் நல்ல நிலை, சன்ஷேடுகளை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

மற்றவை வழக்கமானவை. மேல்வீட்டுக் குளியலறையின் சங்கன் தளத்திலிருந்து (குழாய்கள் போகத் தாழ்த்திப் போட்ட தளம்) இந்த வீட்டுக் குளியலறைக் கூரையில் கசிவு. தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, உள்ளே துரு அடைத்து சமையலறைக் குழாயில் நூல்போலத் தண்ணீர். பிளக் பாயின்ட்டுகளில் மூன்றாவது ஓட்டை இருந்தது, அதற்குப் பின்னால் எர்த் வயர் இல்லை. மொட்டைமாடித் தட்டோடுகளில் மூன்றிலொரு பங்கு தட்டினால் வெற்றுச் சத்தம். கழிவுநீர் பற்றிக் கவலை இல்லை: நங்கநல்லூர் பழைய ஆலந்தூர் நகராட்சியில் இருந்த பகுதி, மக்களே முன்வைப்புத் தொகை கட்டிப் பாதாளச் சாக்கடை கொண்டுவந்த நகராட்சி அது. இந்தக் கட்டிடமும் அப்போதே செப்டிக் டேங்கை மூடி இணைப்பு வாங்கியிருந்தது.

30 வருட வில்லங்கச் சான்று சுத்தம். ஆறு பத்திரங்களிலும் உள்ள பிரிபடாத பாகத்தை, அதாவது மனையில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் உள்ள பங்கை, வழக்கறிஞர் கூட்டிப் பார்த்தார், சரியாக 3,600. கட்டிடத்தின் ஒரு பக்கம் மட்டும் அனுமதி வரைபடத்தில் ஐந்து அடி காலியிடம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை அடிதான் இருந்தது. இதைச் சொல்லி ஒரு வங்கி கடன் மறுத்தது. இன்னொரு வங்கி ஏற்றது, ஆனால் கட்டிடத்தின் வயதைக் காட்டி 20 வருடத் தவணையை 15 ஆக்கியது. 8.75 சதவீத வட்டியில் 48 லட்சத்துக்கு மாதத் தவணை 42,400-லிருந்து 48,000-க்குப் போனது.

## டேப்பும் நோட்டும்

இரண்டையும் டேப் பிடித்து அளந்ததில்தான் பேச்சு திரும்பியது. புதிய ஃபிளாட்டின் 1,050 சதுர அடியில் ரெரா பதிவின்படி கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் இடம், 720. மீதி லிஃப்ட், தாழ்வாரம், உடற்பயிற்சிக்கூடம் என்று பொதுவில் கரைந்துவிடுகிறது. பழைய 870-ல் அறை அறையாக அளந்தால் 735 வந்தது. சிறியது என்று நினைத்த வீடு காலடிக்கு 15 சதுர அடி பெரியது.

அப்புறம் மண். புதியதில் இவர்கள் பெயருக்கு வரும் பாகம் 410 சதுர அடி, பழையதில் 600. நங்கநல்லூரில் அந்தத் தெருவில் அப்போது கைமாறிய மனை சதுர அடி 9,000-க்குக் குறையவில்லை. அப்படிப் பார்த்தால் மண் மட்டும் 54 லட்சம். பெரும்பாக்கம் பக்கம் 5,500 என்று வைத்தால் 22.5 லட்சம்.

மனைவியின் நோட்டில் இருந்த செலவுக் கணக்கு இது. புதியது: சதுர அடி 6,300 வீதம் 66.15 லட்சம், கார் நிறுத்தம் 3, ஜிஎஸ்டி 5 சதவீதம் 3.46, புதிய அடுக்ககங்களுக்கு மனையையும் கட்டிடத்தையும் சேர்த்துப் போடும் கூட்டு மதிப்பில் முத்திரைத்தாளும் பதிவும் 7 சதவீதம் 4.84, மின்சாரம், பராமரிப்பு வைப்பு என்று 2.5. ஆக 79.95. இதில் அலமாரி, சமையலறை மரவேலை இல்லை, சாவி வரும்வரையிலான வாடகையும் இல்லை.

பழையது: 70 கேட்டார்கள், பேசி 66-க்கு முடியும்போல் தெரிந்தது. கைமாறும் பழைய ஃபிளாட்டுக்கு 7 சதவீத முத்திரைத்தாளும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும், 5.94. தரகு 0.66. பழுதுபார்ப்புக்கு என் மதிப்பீடு 7. ஆக 79.6. ஜிஎஸ்டி கிடையாது.

## முடிவு

இரண்டு தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிட்டதால், விலை முடிவைத் தீர்மானிக்கவில்லை. புதியதை விட்டதற்கு அவர்கள் எழுதிவைத்த காரணங்கள் மூன்று: 2026 செப்டம்பர்வரை வாடகையும் வட்டியும் சேர்ந்து தாங்காது, மகளின் பள்ளி, மண்ணின் பங்கு. லிஃப்ட் இல்லாததுதான் பழையதற்கு எதிரான பலமான காரணம், அதை நானும் அழுத்திச் சொன்னேன். அம்மாவை ஒருநாள் அழைத்துவந்து ஏறிப் பார்க்கச் சொன்னோம். பாதியில் ஒருமுறை நின்று ஏறிவிட்டார். இன்றைக்கு ஏறுவது பத்து வருடம் கழித்துக்கு உத்தரவாதம் இல்லை என்று சொன்னேன். கணவர் யோசித்தார், அம்மா யோசிக்கவில்லை.

விலையை 66 லட்சத்தில் முடிக்கும்போது இரண்டு நிபந்தனை போட்டோம். மேல்வீட்டுக்காரர் தன் குளியலறைத் தரையை உடைத்து நீர்த்தடுப்பு செய்ய எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மொட்டைமாடி வேலைக்கான தன் பங்கு 60,000-ஐ விற்பவர் குடியிருப்போர் சங்கத்தில் கட்டிவிட்டுப் போக வேண்டும். இரண்டும் நடந்தன. 50 லட்சத்துக்கு மேலான விலை என்பதால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வரியாக (டிடிஎஸ்) பிடித்து 66,000 ரூபாயை வருமான வரித்துறைக்குக் கட்டியதையும் சொல்லிவிடுகிறேன், பலர் மறந்துவிட்டுப் பிறகு அபராதம் கட்டுகிறார்கள்.

## பத்திரத்திலிருந்து பால் காய்ச்சும்வரை

2024 மே மாதம் பத்திரம் பதிவானது. ஆடிக்கு முன் குடிபோக நினைத்தார்கள். சமையலறைத் தரையைப் பெயர்த்தபோது அடியில் போகும் வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. இப்படிப் புதைந்து கிடப்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி இல்லை, அதற்காகத்தான் மதிப்பீட்டில் 15 சதவீதம் கூட்டிப் போட்டிருந்தோம். இங்கே அது போதவில்லை. கீழ்வீட்டுக் கூரை வழியாகப் போகிற குழாய் என்பதால் கீழ்வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பும்வரை வேலை மூன்று வாரம் நின்றது. வயரிங், குழாய், இரண்டு குளியலறை, சன்ஷேடு எல்லாம் முடித்தபோது செலவு 9.4 லட்சம். மொத்தம் 82 லட்சம் ஆனது. எல்லையைத் தாண்டிய 2 லட்சத்துக்கு நகைக்கடன் வைத்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் வாடகையும் 48,000 தவணையும் ஒன்றாகக் கட்ட நேர்ந்தது அவர்களுக்குப் பெரிய சிரமம். ஆவணியில் பால் காய்ச்சினார்கள்.

## மழை

மொட்டைமாடி வேலைக்கு 3.6 லட்சம் மதிப்பீடு, ஆறு வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 60,000. நான்கு பேர் கட்டினார்கள். ஒருவர் வெளிநாட்டில், பதில் இல்லை. தரைத்தளத்து உரிமையாளர் ஒருவர், மாடி என் தலைக்கு மேலா இருக்கிறது என்று கேட்டார். அக்டோபர் வந்துவிட்டது, வேலை தொடங்கவில்லை. நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலோடு வந்த மழையில் மேல்வீட்டில் கூரை ஒழுகியது. இவர்கள் வீட்டில், புதிதாகப் பெயின்ட் அடித்த மேற்குச் சுவர் ஜன்னல் மட்டத்துக்குக் கீழே வரை ஊறி உப்பியது. அடுத்த பிப்ரவரியில் அதே நான்கு பேர் ஆளுக்கு 90,000 போட்டு வேலையை முடித்தார்கள். சங்கம் பதிவு செய்யப்படாதது. கொடுக்காதவர் மேல் நடவடிக்கை எடுக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

இதற்கிடையே அந்தப் புதிய தளத்தில் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் வாங்கினார். 2025 நடுவில் பூச்சு வேலை ஓடிக்கொண்டிருந்தது. ரெரா தேதிக்கு முடிந்துவிடும்போல்தான் தெரிந்தது. டிசம்பர் சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

## பில்டரின் கடிதம்

2025 மே மாதம் ஆறு உரிமையாளர்களுக்கும் உள்ளூர் பில்டர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டிடத்தை இடித்துப் பத்து ஃபிளாட் கட்டுகிறேன், ஆறு பேருக்கும் லிஃப்ட் உள்ள கட்டிடத்தில் ஆளுக்கு 950 சதுர அடி, இரண்டு வருடத்துக்கு வாடகை நான் தருகிறேன் என்று. நங்கநல்லூர், தி.நகர், அண்ணாநகர் என்று முப்பது வயதுக் கட்டிடங்கள் உள்ள எல்லாப் பகுதியிலும் இப்படிக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். ஆறில் நான்கு பேர்.

9.4 லட்சம் செலவழித்துக் குடிவந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. செலவு வீண்தானா என்று மனைவி கேட்டார். குழாயும் வயரும் வாழத் தேவையானவை, அதைத் தவிர்த்திருக்க முடியாது. இரண்டு குளியலறைக்கும் போட்ட விலை உயர்ந்த டைல்ஸ் வேறு விஷயம்.

இந்த வீட்டுக்குப் பிறகு பழைய ஃபிளாட் எதற்குப் போனாலும் கட்டிடத்தைத் தொடுவதற்கு முன் அக்கம்பக்கத்தில் பேசிவிடச் சொல்கிறேன். யார் குடியிருக்கிறார்கள், யார் வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறார்கள், கடைசியாகப் பொதுவேலைக்குப் பணம் கேட்டபோது எத்தனை பேர் கொடுத்தார்கள், எந்த பில்டராவது வந்து பேசினாரா. விற்பவரிடம் கேட்டால் வராத பதில் மேல்வீட்டு அம்மாவிடம் வந்துவிடும். ஐந்தாறு வருடத்தில் இடிபட வாய்ப்புள்ள கட்டிடம் என்றால் பழுதுபார்ப்பை இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன்: உயிருக்கும் தண்ணீருக்கும் அவசியமானது ஒரு பக்கம், அழகு மறுபக்கம். கூடுதல் தொகையையும் 15 சதவீதத்திலிருந்து 30 ஆக்கிவிட்டேன்.

கடிதத்துக்கு இதுவரை மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள், தரைத்தளத்துக்காரரும் இன்னொருவரும் மறுத்துவிட்டார்கள். நான்காவது ஓட்டு இந்தக் குடும்பத்துடையது. அம்மாவுக்கு லிஃப்ட் வரும் என்பதால் கணவர் சம்மதிக்கத் தயார். மனைவி மறுபடியும் நோட்டை எடுத்தார். 950 என்று கடிதத்தில் இருப்பது பொது இடமும் சேர்ந்த கணக்கு, கார்பெட் 660 தேறலாம், இப்போதிருப்பது 735. பாகம் 600-லிருந்து 360 ஆகும். பில்டருக்கு அவர் எழுதியனுப்பிய பதிலில் மூன்று கேள்வி: கார்பெட் ஏரியா எத்தனை என்று ஒப்பந்தத்தில் எழுதுவீர்களா, வாடகை இரண்டு வருடத்துக்கா அல்லது நிறைவுச் சான்றிதழ் வரும்வரைக்கா, அடமானத்தில் இருக்கும் பத்திரத்துக்கு வங்கியிடம் சம்மதம் வாங்கும் பொறுப்பு யாருடையது. பதில் இன்னும் வரவில்லை.